பஸ்கா பந்தியை நம் சபையில் நடத்தலாமா?

ஞாயிறுபள்ளி வாத்தியார் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வருடம் பெரிய வியாழன் அன்று வழக்கமான திருவிருந்தோடு சேர்த்து ‘பஸ்கா பந்தி’ ஒன்றும் வைக்கலாம் என்று எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் பேச்சு. யூடியூபில் யாரோ செய்து காட்டியிருக்கிறார்கள். நீள மேசை, புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை, நாலு கிண்ணம் திராட்சரசம், நடுவில் எலும்பு வைத்த ஒரு தட்டு. ஏற்பாடு முழுக்க என் தலையில் விழுந்துவிட்டது.

இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இரவின் பண்டிகைதான் பஸ்கா, அதைச் சொல்லும் யாத்திராகமம் 12 எனக்கு மனப்பாடம். பத்தாம் தேதி பழுதற்ற ஒரு வயதுக் குட்டியைப் பிரித்து வைக்க வேண்டும், பதினாலாம் தேதி சாயங்காலம் அடிக்க வேண்டும், ஈசோப்பால் இரத்தத்தைத் தொட்டு நிலைக்கால்களிலும் நிலையின் மேற்சட்டத்திலும் பூச வேண்டும், நெருப்பில் சுட்டுத்தான் சாப்பிட வேண்டும், எலும்பை முறிக்கக்கூடாது, விடியற்காலம் வரை மீதி வைக்கக்கூடாது, அதுவும் காலில் செருப்பும் கையில் தடியுமாக அவசர அவசரமாக. முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் போன ஞாயிறு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “ஐயா, இது யூதர்களுடைய பண்டிகைதானே, அவர்களைக் கேட்டுவிட்டா செய்கிறோம்? நம்முடைய திருவிருந்தை வேறு யாராவது மேடையில் நடித்துக் காட்டினால் சும்மா இருப்போமா?” என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீயோன்கீதம் எழுதியது:

ஐயா, தயங்காமல் செய்யுங்கள்! இயேசுவே யூதர். “இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன்” என்று லூக்கா 22ல் அவர் வாயாலேயே சொல்கிறார், அவர் ஆசைப்பட்டதை நாம் ஏன் விட வேண்டும்? நான் மூன்று வருடமாக நடத்துகிறேன், பார்க்கிற ஜனங்கள் கண்ணீர் விடுகிறார்கள். யூதர்கள் மேசையில் மூன்று அப்பங்களை அடுக்குகிறார்கள், அதுவே திரித்துவம். நடு அப்பத்தைப் பிட்டு, துணியில் சுற்றி ஒளித்துவைத்து, கடைசியில் திரும்ப எடுக்கிறார்கள். மரணம், அடக்கம், உயிர்த்தெழுதல்! அப்பத்தில் கோடு கோடாகத் தழும்பு, ஊசி குத்தின மாதிரித் துளைகள். ஏசாயா 53 அப்படியே கண்முன் நிற்கும். தங்கள் கையில் இருப்பது யார் என்று யூதர்களுக்கே தெரியவில்லை. ஆலயத்தில் பஸ்கா ஆட்டுக்குட்டியை அடித்த அதே மூன்று மணிக்கு, அதே நிமிடத்தில் இயேசு ஜீவனை விட்டார். இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது?

பழங்கணக்கு எழுதியது:

பிரதர், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோடுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கடையில் வாங்குகிற மட்சா, அதாவது யூதரின் புளிப்பில்லா அப்பத்தில் வரிசை பிடித்து நிற்கிற அந்தக் கோடும் துளையும் மெஷின் வேலை. மட்சா செய்கிற முதல் இயந்திரம் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1838ல் வந்தது, அதை ஏற்கலாமா கூடாதா என்று ரபிகளே, அதாவது யூத மதகுருக்களே, பல வருடம் சண்டை போட்டார்கள். கையால் செய்யும்போதும் துளை போடுவார்கள்தான், மாவு உப்பாமல் இருக்கட்டும் என்று. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும், இல்லாவிட்டால் புளித்ததாகக் கணக்கு.

அடுத்தது அந்த ஒளித்துவைக்கிற அப்பம், அஃபிகோமன். யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் இந்தச் சொல் வருகிறது, ஆனால் அங்கே ஒளித்துவைக்கிற பேச்சே இல்லை. பஸ்கா சாப்பாட்டுக்குப் பிறகு அஃபிகோமன் கூடாது என்று மட்டும் இருக்கிறது. குழந்தைகள் தூங்கிவிடாமல் இருக்க அதை ஒளித்துத் தேடவிடும் வழக்கம் மிகவும் பிற்காலத்தது. ஆக, இயேசு அந்த ராத்திரி அதை ஒளித்துவைத்தார், அதில் ஓர் அடையாளம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பெரிய விஷயம் என்னவென்றால், இன்றைக்கு யூத வீடுகளில் நடக்கிற ‘சேடர்’ என்கிற பஸ்கா இரவு விருந்து எருசலேம் ஆலயம் கி.பி. 70ல் அழிந்த பிறகு உருவெடுத்தது. நாலு கிண்ணம், பிள்ளையின் கேள்விகள் எல்லாம் முதன்முதலாக ஒழுங்காக எழுதப்பட்டுக் கிடைப்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், பஸ்காவைப் பற்றின பெசாகிம் பகுதியின் பத்தாம் அதிகாரத்தில். ஆலயம் இருந்தவரை ஆட்டைக் கொண்டுபோய் அங்கே அடித்து, எருசலேமுக்குள்ளேயே கூடிச் சாப்பிடுவதுதான் பண்டிகை. ஆலயம் போனதும் ஆடும் போயிற்று, அந்த இடத்தில் சொற்களையும் கதையையும் வைத்தார்கள். (சமாரியர்கள் மட்டும் இன்றும் கெரிசீம் மலையில் வருடா வருடம் ஆடு அடிக்கிறார்கள். எண்ணூறு பேர் அளவிலான சமூகம்.)

அப்புறம் அந்த மூன்று மணி. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசி இராப்போஜனமே பஸ்கா விருந்து என்கிறார்கள். அப்படியானால் ஆடு முந்தின நாளே அடித்தாயிற்று. யோவானோ 18:28லும் 19:14லும் பஸ்கா இன்னும் வரவில்லை, அன்று ஆயத்தநாள் என்கிறார். அவர் கணக்கில் ஆடு அடிக்கிற நாளில் இயேசு மரிக்கிறார். ஆனால் ஒன்பதாம் மணி, அதாவது நம் மூன்று மணி, என்று சொல்வது முந்தின மூவர், யோவான் அல்ல. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், ஆடு அடிப்பது ஒன்பதாம் மணியிலிருந்து பதினோராம் மணி வரை என்கிறார். நீங்கள் மூவரிடமிருந்து மணியையும், யோவானிடமிருந்து நாளையும் எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டுவது தப்பு என்று சொல்லவில்லை, ஒட்டு போட்டது தெரிந்திருக்க வேண்டும்.

சீயோன்கீதம் எழுதியது:

அப்படியானால் பவுல் சொன்னது? “நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து”, 1 கொரிந்தியர் 5:7. உங்கள் கணக்கு வழக்கெல்லாம் விசுவாசத்தைக் குலைக்கத்தான்.

பழங்கணக்கு எழுதியது:

அது சரியான வசனம், மறுக்கவே இல்லை. ஆனால் முழுதாகப் படியுங்கள். கொரிந்து சபையில் ஓர் அசிங்கம் நடக்கிறது, அதைக் கண்டித்துவிட்டுத்தான் பவுல் பழைய புளித்தமாவைக் கழித்துப்போடுங்கள் என்கிறார். பஸ்காவுக்கு முன் வீட்டிலிருந்து புளிப்பைத் துடைத்தெடுப்பது என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் எழுதின வரி அது. யூத வீட்டு அடுப்பங்கரை தெரியாவிட்டால் அந்த உவமையில் பாதி நமக்குப் போய்ச்சேராது.

ஹைஃபா செவிலி எழுதியது:

அடுப்பங்கரை என்றதும் எழுதலாம் என்று தோன்றியது. நான் குமரி மாவட்டம், ஆறு வருடமாக இஸ்ரேலில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஈராக்கிலிருந்து சிறுவயதில் வந்த குடும்பம்.

புளிப்பைத் துடைப்பது என்று நாம் லேசாக வாசித்துவிடுகிறோம். அந்த அம்மா பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே என்னைப் படுத்த ஆரம்பித்துவிடுவார். சோபாவின் இடுக்கு, அவர் கோட்டுப் பை, என் கைப்பை, எல்லாவற்றிலும் பிஸ்கட் தூள் தேடல். வெளியே தள்ள முடியாத கோதுமைச் சாமானைப் பூட்டிவைத்து, யூதரல்லாத ஒருவருக்கு விற்றதாக ரபி மூலமாக எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள், பண்டிகை முடிந்ததும் அது திரும்பி வந்துவிடும். சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, பாஸ்தா அலமாரிகளைத் துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடி வைத்திருப்பார்கள். முதல் வருடம் எனக்குச் சிரிப்பு, இரண்டாவது வருடம் எரிச்சல், அதன் பிறகு நானே பழைய கோட்டுப் பையைத் திருப்பி உதற ஆரம்பித்துவிட்டேன்.

ஐரோப்பிய வழி யூதர்கள் பலர் பஸ்காவில் அரிசி சாப்பிட மாட்டார்கள். இவர்கள் ஈராக் வழி என்பதால் சாப்பிடுவார்கள், ஆனால் கோதுமை மணி ஏதாவது கலந்திருக்குமோ என்று மூன்று தடவை பொறுக்க வேண்டும். ஊரில் அம்மாவோடு உட்கார்ந்து சுளகில் கல் பொறுக்கினது ஞாபகம் வந்து, மேசையில் தலை கவிழ்ந்து அழுதிருக்கிறேன்.

சரி, அந்த ராத்திரி. எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். ஆட்டுக்கறி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை! தட்டில் ஓர் எலும்பு மட்டும். ஆலயம் இல்லை, ஆகவே பலி இல்லை. சாப்பாடு கோழியும் சோறும். கசப்புக்குக் கீரை இலை, அதைத் தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழப் பாகில் வாதுமைக் கொட்டை பொடித்துப் போட்டது, அது எகிப்தில் மிதித்த களிமண்ணாம். களிமண் இவ்வளவு ருசியா என்று கேட்டேன்.

எனக்கு மறக்காதது வேறு. பேரன் ஒரு துணியில் மட்சாவை முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எல்லாரும் கேட்கிறார்கள், எங்கேயிருந்து வருகிறாய்? எகிப்திலிருந்து. எங்கே போகிறாய்? எருசலேமுக்கு. யாத்திராகமம் 12:34ல் பிசைந்த மாவைத் தோளில் கட்டிக்கொண்டு போனார்கள் என்று இருக்கிறதே, அதுதான். பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் திராட்சரசத்தைச் சிந்துகிறார்கள். ஏன் என்றதற்கு அந்த அம்மா சொன்னார்: எதிரி செத்தாலும் நம் கிண்ணம் நிறைந்து இருக்கக்கூடாது.

அவருடைய மகனிடம் ஒரு தடவை, எங்களுக்கு இயேசுதான் பஸ்கா ஆட்டுக்குட்டி, எங்கள் பாவத்துக்காக, என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, யோசித்துவிட்டு, “எங்கள் ஆடு பாவத்துக்கு இல்லையே, அதற்கு வேறு பலிகள் இருந்தன. இது அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்ததற்கு” என்றார். இத்தனை வருடம் சபையில் இருந்தும் அது என் புத்தியில் ஏறியிருக்கவே இல்லை.

வாத்தியார் ஐயா, அந்தப் பெண் கேட்ட கேள்வி சரியான கேள்வி. இவர்களுக்கு இது நாடகம் இல்லை, வீடு.

தெற்குத்தெரு எழுதியது:

அக்கா, அருமை. நான் கத்தோலிக்கன், எங்களுக்கு அது பாஸ்கா, உங்கள் வேதாகமத்தில் பஸ்கா. எங்கள் ஊரில் சின்ன வயதில் பாஸ்கா என்றால் திடலில் இராத்திரி முழுக்க நடக்கும் இயேசுவின் பாடுகள் நாடகம்தான். அது எகிப்தைப் பற்றின சொல் என்றே தெரியாது, யூதாஸ் வேடம் கட்டுகிற மாமாவைப் பார்த்துப் பயந்ததுதான் ஞாபகம்.

அந்த மகன் சொன்ன பாவத்துக்கு இல்லை, விடுதலைக்கு என்பது முக்கியம். யோவான் 1:29ல் “தேவ ஆட்டுக்குட்டி” என்று ஸ்நானகன் சொல்லும்போது பஸ்கா ஆடும், ஏசாயா 53ல் அடிக்கப்படுவதற்குக் கொண்டுபோகப்படுகிற ஆடும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. சேர்த்தது கிறிஸ்தவம். அதில் ஆழம் இருக்கிறது, ஆனால் சேர்த்த பிறகு நாம் ஒரு பாதியை, பார்வோன், செங்கல், கூலி இல்லாத வேலை இதையெல்லாம் மறந்துவிட்டோம். உயிர்ப்பு விழிப்பு இரவில் எத்தனை வாசகத்தைக் குறைத்தாலும் செங்கடலைக் கடக்கிற யாத்திராகமம் 14ஐ மட்டும் விடக்கூடாது என்று எங்களுக்கு விதி. இருட்டில் பாஸ்கா திரி ஏற்றிப் பாடுகிற புகழுரையிலும் ‘இதுவே அந்த இரவு’ என்று எகிப்து வருகிறது. வியாழன் மாலை முதல் வாசகமே யாத்திராகமம் 12. ஆகவே தனியாகப் பந்தி எதற்கு என்பது என் கேள்வி, இருக்கிறதையே கவனித்துக் கேட்டால் போதுமே.

திறந்தவேதம் எழுதியது:

கொலோசெயர் 2:16, 17. பண்டிகை நிழல், பொருள் கிறிஸ்து. முடிந்தது விஷயம். பஸ்கா ஆசரிக்காவிட்டால் இரட்சிப்பே இல்லை என்று வீடு வீடாக வந்து சொல்கிற கூட்டமும் இப்போது நம் தெருக்களில் இருக்கிறது, இந்தப் பந்தியெல்லாம் அதற்கு வாசல் திறந்துவிடும். யாத்திராகமத்தின்படியே செய்வேன் என்றால் 12:48ஐயும் பாருங்கள்: விருத்தசேதனம் இல்லாதவன் அதில் புசிக்கவே கூடாது. யார் தயார்?

சீயோன்கீதம் எழுதியது:

பிரதர், நான் இரட்சிப்புக்காக என்று சொல்லவே இல்லை. நம் வேர் தெரிய வேண்டும் என்கிறேன். ரோமர் 11, நாம் ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளை.

பழங்கணக்கு எழுதியது:

ரோமர் 11ஐ எடுத்தது நல்லதாயிற்று. அந்தக் கிளை வேரை என்ன பாடு படுத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆதியில் ஆசியா மைனர் சபைகள் யூத மாதமான நிசானின் 14ஆம் தேதியே, அதாவது யாத்திராகமம் சொல்லும் அதே நாளில், பஸ்காவை ஆசரித்தன, அது என்ன கிழமையாக இருந்தாலும் சரி. ரோமாபுரியில் ஞாயிறு. சுமார் 155ல் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப் ரோமாபுரி போய் அங்கத்து ஆயர் அனிசேத்துவிடம் பேசினார், ஒத்துப்போகவில்லை, ஆனாலும் சேர்ந்து நற்கருணை எடுத்துச் சமாதானமாகப் பிரிந்தார்கள். 190 வாக்கில் ரோமாபுரி ஆயர் விக்டர் அந்தச் சபைகளையே விலக்கிவைக்கப் பார்த்தார், லியோன் ஆயர் இரேனியு குறுக்கே நின்று தடுத்தார். அந்த 14ஆம் தேதிக்காரர்களில் ஒருவர்தான் சர்தை நகரத்து ஆயர் மெலித்தோ. பஸ்காவைப் பற்றின அவருடைய பிரசங்கம் 1940ல் அச்சாகி வெளிவந்தது. அதில், கிரேக்கத்தில் ‘பாடுபடுதல்’ என்கிற சொல் பஸ்கா போலவே ஒலிப்பதால் அதிலிருந்துதான் இந்தப் பெயர் என்று விளக்கம் சொல்கிறார். எபிரெயத்தில் அப்படி இல்லை. அது கடந்துபோவது, ஏசாயா 31:5ல் பட்சி பறந்து காப்பதைச் சொல்லும் இடத்தில் வருவதும் அதே வினை. யூதர்களோடு ஒரே தேதியில் பஸ்கா ஆசரித்த மெலித்தோவே, அதே பிரசங்கத்தில், இஸ்ரவேல் கடவுளைக் கொன்றது என்றும் சொல்கிறார். நமக்குக் கிடைக்கிற எழுத்துகளில் அந்தப் பழி அவ்வளவு வெளிப்படையாக வருவது அங்கேதான் முதலில்.

325 நிசேயா சங்கம்: எல்லாருக்கும் ஒரே ஞாயிறு, யூதரைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டாம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சபைகளுக்கு எழுதின கடிதத்தில் யூதரோடு நமக்கு எதுவும் பொதுவாக இருக்க வேண்டாம் என்கிற தொனி. 386, 387ல் அந்தியோகியாவில் பேர்பெற்ற பிரசங்கியார் யோவான் கிறிசொஸ்தோம், ஜெப ஆலயப் பண்டிகைக்குப் போகிற கிறிஸ்தவர்களைத் திட்டித் தீர்க்கிறார். அதாவது ஜனங்கள் அதுவரை போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

அப்புறம் இருட்டு. 1144ல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு பையன் செத்துக் கிடந்தான், யூதர்கள் பஸ்கா சமயத்தில் கொன்றார்கள் என்று கதை கட்டினார்கள். 1475ல் இத்தாலியின் திரெந்தில் ஒரு குழந்தை சாவு, யூதர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள், அந்தக் குழந்தைக்கு வணக்கமே நடந்தது. 1965ல்தான் திருச்சபை அதை நிறுத்தியது. புளிப்பில்லா அப்பத்தில் கிறிஸ்தவ இரத்தம் கலக்கிறார்கள் என்ற பொய் ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஆட்டு இரத்தத்தைக்கூட உப்புப் போட்டு இறக்கிவிட்டுத்தான் கறி சமைக்கிற ஜனத்தைப் பற்றி! 1903ல் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதருக்கு எதிரான கலவரம் தொடங்கியது ஈஸ்டர் ஞாயிறு அன்று, 49 பேர் செத்தார்கள். பல நூறு வருடம் யூதர்களுக்குப் பெரிய வெள்ளி என்பது கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்காரும் நாள். அவர்கள் பஸ்கா மேசையை நாம் எடுத்து வைத்து, இதன் அர்த்தம் உங்களுக்கே தெரியவில்லை என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை இந்தச் சரித்திரத்தோடு சேர்த்து யோசியுங்கள்.

தெற்குத்தெரு எழுதியது:

எங்கள் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழிவாகச் சொன்ன வார்த்தையைப் பாப்பரசர் இருபத்து மூன்றாம் யோவான் 1959ல் எடுத்தார். கிறிஸ்துவின் மரணத்துக்கு அன்றைய யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சாட்டக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965ல். தாமதம்தான், மறைக்க முடியாது.

மலையோரம் எழுதியது:

சண்டைக்கு நடுவே சாப்பாட்டுப் பேச்சு. என் மனைவி கோட்டயம் பக்கம் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் பெரிய வியாழனுக்குச் சொல்வதே ‘பெசஹா’, சிரியாக் மொழி வழியாக வந்த பஸ்காதான். அன்று சாயங்காலம் அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல் ஆவியில் அப்பம் வேகவைப்பார்கள். மேலே குருத்தோலை ஞாயிறு அன்று கிடைத்த ஓலையில் ஒரு சிலுவை. ஜெபம் முடிந்ததும் வீட்டுக்குப் பெரியவர் பிட்டு, வயதுப்படி ஒவ்வொருவருக்காகக் கொடுப்பார், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பெசஹாப் பாலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் செய்ய மாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்து வரும். முதல் தடவை மாமனார் எனக்கு நீட்டியபோது இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதுவும் பஸ்காதான், யூதரைப் பார்த்து நடிப்பதும் இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

ஒரு சந்தேகம்: இட்லி மாவு புளித்ததுதானே, யூதச் சட்டப்படி அது ஆகுமா ஆகாதா?

பழங்கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி, யூதச் சட்ட விவாத நூலான தல்மூதில் உண்மையாகவே பேசின விஷயம். கோதுமை, வாற்கோதுமை வகையறா ஐந்து தானியங்கள்தான் ‘புளிக்கும்’. அரிசியும் தினையும் ‘கெட்டுப்போகும்’, அவ்வளவே. ஆகவே இட்லி அந்தத் தடையில் வராது. ஆனால் ஐரோப்பிய வழியினர் அரிசி, பருப்பு இரண்டையுமே தொட மாட்டார்கள், அவர்களிடம் போய் வாதாட வேண்டாம்.

ஹைஃபா செவிலி எழுதியது:

வாதாடிப் பார்த்தேன். வேண்டாம்.

ஞாயிறுபள்ளி வாத்தியார் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, சீயோன்கீதம் தம்பிக்கும் சேர்த்து. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற உங்கள் துடிப்பு எனக்கும் உண்டு. வாலிபர்களிடம் பேசிவிட்டேன். எலும்புத் தட்டும் நாலு கிண்ணமும் இல்லை. வியாழன் இராத்திரி திருவிருந்துக்கு முன்னால் யாத்திராகமம் 12ஐ முழுதாக வாசிக்கப் போகிறோம். ‘இந்த ஆராதனையின் கருத்து என்ன’ என்று பிள்ளைகள் கேட்கும் வசனத்தை அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணே வாசிப்பாள், அவளிடம் நான் வகையாக மாட்டிக்கொண்டதற்கு அது பரிகாரம். முடிவில், ஒலிவ மலைக்குப் புறப்படும் முன் அவர்கள் பாடினார்கள் என்று மாற்கு சொல்லும் பாட்டு பஸ்கா இரவில் பாடும் 113 முதல் 118 வரையிலான சங்கீதங்களாக இருக்கலாம் என்கிறார்கள், அவற்றில் இரண்டையாவது பாட எண்ணம். பார்வோனைப் பற்றிப் பேசுகிற இடத்தில் செங்கல் சூளையில் வேலை செய்கிற எங்கள் சபைக் குடும்பம் ஒன்றைச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன், இன்னும் சரி சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு துண்டு பெசஹா அப்பம் கொடுக்கலாமா என்று என் மனைவி கேட்கிறாள். மலையோரம், அந்தப் பால் எப்படிச் செய்வது? முதல் பாலா, இரண்டாம் பாலா?

மலையோரம் எழுதியது:

இரண்டாம் பாலில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுங்கள், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அடிப்பிடிக்கும். கெட்டியானதும் சுக்கும் ஏலக்காயும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் திரிந்துபோகும். நூறு பேருக்கு என்றால் எத்தனை தேங்காய் என்று மாமியாரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.